இரண்டு படம் முடித்த தயாரிப்பாளருக்கு எந்தப் பயிற்சி உதவும்?

கேள்வி: நைரோபியில் ஒரு சிறிய படத் தயாரிப்பு நிறுவனத்தின் கணக்குகளைப் பார்க்கிறேன். முதலாளி கென்யப் பெண்மணி. இரண்டு முழுநீளப் படங்கள், ஒரு ஆவணப்படம் தயாரித்திருக்கிறார். மூன்றும் நல்ல விழாக்களுக்குப் போய் வந்தன. ஆனால் ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை அலுவலக வாடகைக்கே திண்டாட்டம். இப்போது பயிற்சித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கப் போகிறார். எதற்குப் போனால் பலன் இருக்கும்?

பதில்: ஆப்பிரிக்கத் தயாரிப்பாளர்களுக்கான திட்டங்களில் பெரும்பாலானவை படத்துக்கு உதவுபவை, நிறுவனத்துக்கு அல்ல. ஜூலையில் நடக்கும் டர்பன் பிலிம்மார்ட், மராக்கேஷ் விழாவின் அட்லஸ் ஒர்க்‌ஷாப்ஸ், புர்கினா பாசோவின் உவாகா பிலிம் லேப், போஸ்ட் புரொடக்‌ஷனில் நிற்கும் படங்களுக்கு வெனிஸின் ஃபைனல் கட், எல்லாமே நல்ல இடங்கள்தான். ஆனால் கையில் ஒரு படத்தோடு போய் அந்தப் படத்துக்கு ஆள் தேடும் இடங்கள் அவை. உங்கள் முதலாளிக்கு அந்த வித்தை ஏற்கெனவே தெரியும். இன்னொரு லேபுக்கு, அதாவது படத்தை வளர்க்கும் பட்டறைக்குப் போனால் நான்காவது படமும் முடியும். வாடகைப் பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

அவர் பார்க்க வேண்டியது தயாரிப்பாளரையும் நிறுவனத்தையும் மையமாக வைத்த திட்டங்களை. தென்னாப்பிரிக்காவின் ரியல்னெஸ் இன்ஸ்டிட்யூட் 2021 இல் தொடங்கிய கிரியேட்டிவ் புரொட்யூசர் இண்டாபா அந்த வகை. லக்சம்பர்க்கின் ஈவ் அமைப்பும் பல ஆண்டுகளாகத் தயாரிப்பாளர்களுக்கென்றே பயிலரங்குகள் நடத்துகிறது. விண்ணப்பிக்கும் முன் ஒன்று கேளுங்கள்: கதைச் சுருக்கத்தை மட்டும் கேட்கிறார்களா, அடுத்த மூன்று வருடத்துக்கான படப் பட்டியலையும் நிறுவனத்தின் வரவு செலவையும் கேட்கிறார்களா? இரண்டாவதைக் கேட்பவர்களிடம் போங்கள்.

அதற்குமுன் அலுவலகத்தில் நீங்களே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பழைய மூன்று படங்களின் பட்ஜெட்டை எடுத்து, தயாரிப்பாளர் ஊதியம், நிறுவன நிர்வாகச் செலவு என்ற இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள். நிதியில் ஓட்டை விழும்போதெல்லாம் தயாரிப்பாளர்கள் முதலில் விட்டுக்கொடுப்பது இந்த இரண்டையும்தான். "படம் விற்றதும் எடுத்துக்கொள்கிறேன்" என்பார்கள். விற்ற பணம் எப்படி வந்து சேர்கிறது என்று ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரு லட்சம் யூரோவுக்குப் படம் விற்கிறது. படத்தைப் பல நாடுகளுக்கு விற்றுத் தரும் சேல்ஸ் ஏஜென்டின் கமிஷன் 25 சதவீதம் போனால் 75,000. ஏஜென்டின் விளம்பர, விழாச் செலவு 30,000 கழிந்தால் 45,000. ஐரோப்பிய இணைத் தயாரிப்பாளருக்கு 70 சதவீதம், உங்களுக்கு 30 என்று எழுதியிருந்தால், கையில் வருவது 13,500 யூரோ. அதே ஒப்பந்தத்தில் ஏஜென்டின் செலவுக்கு 15,000 என்று உச்சவரம்பு வைத்திருந்தால் அது 18,000 ஆகியிருக்கும். அந்த ஒரு வரியை எழுதி வாங்கத் தெரிவதுதான் இந்தக் கட்டத்தில் கற்க வேண்டிய பாடம்.

அந்த 70:30 எங்கிருந்து வருகிறது? பிரான்சின் அரசுத் திரைப்பட அமைப்பான சிஎன்சி, உலகப் படங்களுக்குத் தரும் நிதிக்கு விண்ணப்பிப்பது பிரெஞ்சு நிறுவனம்தான். பணமும் அதன் வழியாகவே வருகிறது, அதன் பங்காகவே கணக்கில் ஏறுகிறது. ராட்டர்டாம் திரைப்பட விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதியிலும் இணைத் தயாரிப்புப் பிரிவுக்கு ஐரோப்பியக் கூட்டாளியே விண்ணப்பிக்கிறார். இந்த நிதிகள் இல்லாமல் பல நல்ல ஆப்பிரிக்கப் படங்கள் வந்திருக்காது. ஆனாலும் வருடக்கணக்காகக் கதையை வளர்த்து, நடிகர்களையும் லொகேஷனையும் பிடித்துக் கொடுத்த நைரோபி நிறுவனம், கடைசியில் தன் சொந்தப் படத்துக்கே லைன் புரொட்யூசர் மாதிரி, அதாவது கூலிக்குப் படப்பிடிப்பு வேலையைக் கவனிப்பவர் மாதிரி நிற்பது எனக்கு ஆறவே இல்லை. அந்த உழைப்புக்கும், விட்டுக்கொடுத்த ஊதியத்துக்கும் விலை போட்டு, அதை உங்கள் முதலீடாக பட்ஜெட்டில் காட்ட வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்க உரிமையைத் தனியாக உங்களிடமே வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

உரிமையை இவ்வளவு வலியுறுத்தக் காரணம், வாங்குபவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2024 ஜனவரியில் பிரைம் வீடியோ ஆப்பிரிக்காவில் புதிய ஒரிஜினல் தயாரிப்புகளை நிறுத்தியது. 2025 இல் ஆப்பிரிக்காவின் பெரிய கட்டணத் தொலைக்காட்சி நிறுவனமான மல்ட்டிசாய்ஸை பிரான்சின் கனால் பிளஸ் வாங்கிக்கொண்டது. தியேட்டரை நம்பலாமா என்றால், யுனெஸ்கோவின் 2021 அறிக்கைப்படி ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 7,87,000 பேருக்கு ஒரு திரைதான். ஆகவே எந்த ஓடிடிக்குக் கொடுத்தாலும் இத்தனை வருடம் என்று காலம் குறித்துக் கொடுங்கள். காலம் முடிந்தால் படம் உங்களிடம் திரும்ப வேண்டும். எந்தப் படம், எந்த நாடு, எந்தத் தேதிவரை என்று ஒரு உரிமைப் பதிவேடு இன்றே தொடங்குங்கள். உங்களைவிட அதற்குப் பொருத்தமான ஆள் அந்த அலுவலகத்தில் இல்லை.

அப்புறம், நாணய மாற்று. 2024 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 160 ஷில்லிங் வரை போனது, சில மாதங்களில் 130 பக்கம் இறங்கியது. 160 என்று பட்ஜெட் போட்டு, தவணை வரும்போது 130 என்றால், ஒவ்வொரு டாலரிலும் 30 ஷில்லிங் துண்டு விழும். நிதியின் கடைசித் தவணை பெரும்பாலும் படத்தை ஒப்படைத்துக் கணக்குக் காட்டிய பிறகுதான் வரும். அதுவரை கைமாற்று வாங்கி ஓட்டினால் வட்டியும் சேரும்; அந்த வட்டிக்கு பட்ஜெட்டில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

வங்கிக் கடன் பற்றியும் அவர் யோசிப்பார். ஆப்பிரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கி 2024 இல் 100 கோடி டாலர் படநிதி ஒன்றை அறிவித்தது. அந்த மாதிரிப் பணம் விழா விருதைப் பார்த்து வராது. தணிக்கை செய்த கணக்கு, கையெழுத்தான விற்பனை ஒப்பந்தங்கள், உரிமைகளில் வில்லங்கம் இல்லை என்பதற்கான தாள்கள், இவற்றைப் பார்த்துத்தான் வரும்.

சரி, விண்ணப்பிக்கும்போது மூன்று விஷயம் விசாரியுங்கள். ஆலோசகர்களில் ஆப்பிரிக்காவில் நிறுவனம் நடத்துபவர்கள் இருக்கிறார்களா? பயிற்சி நாட்களில் இழக்கும் வருமானத்துக்கு ஏதாவது தொகை தருகிறார்களா? நிதி, ஒப்பந்தம் பற்றிய வகுப்புகளில் நிறுவனத்தின் கணக்காளரும் உட்காரலாமா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், உங்கள் பெயரையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.