ஜோசபின் பேக்கர் வெறும் நடனக் கலைஞர்தானா?

அவருக்குப் புகழ் தந்த வாழைப்பழப் பாவாடை நடனத்தைத் தாண்டி அவர் என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையச் செய்தார்.

1906-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாகவே வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தார். 1925-ல், 19 வயதில் பாரிஸ் மேடையேறினார், நகரமே கொண்டாடியது. 1937-ல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார்.

எனக்கு அவர்மேல் பெருமதிப்பு வந்தது போர்க்காலக் கதையால்தான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிரான்ஸைப் பிடித்தபோது, எதிர்ப்பு இயக்கத்துக்காக உளவு பார்த்தார். கச்சேரிக்குப் போகிறேன் என்று எல்லை தாண்டுவார். இசைக்குறிப்புத் தாள்களில் கண்ணுக்குத் தெரியாத மையில் ராணுவத் தகவல்கள் இருக்கும். அவ்வளவு பெரிய நட்சத்திரத்தை யார் சோதனை போடுவார்கள்? பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும்.

1951-ல் அமெரிக்காவின் மயாமியில் ஓர் இரவு விடுதியில், கறுப்பினத்தவரையும் சமமாக உள்ளே விட்டால்தான் பாடுவேன் என்று நின்று சாதித்தார். கறுப்பினத்தவர் உரிமைக்காக நடந்த 1963 வாஷிங்டன் பேரணியில் பிரெஞ்சுப் படைச் சீருடையில், பதக்கங்களோடு பேசினார். 12 குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார்.

1975-ல் காலமானார். 2021-ல் பிரான்ஸின் மாமனிதர்களுக்கான நினைவிடமான பாந்தியோனில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. உடல் அடக்கம் செய்யப்பட்ட மொனாக்கோவிலேயே இருக்க, அவர் வாழ்ந்த ஊர்களின் மண்ணைப் பேழையில் வைத்துச் சுமந்து சென்றார்கள்.