கார் ஏர்கானில் ஒரு பக்கம் மட்டும் சூடான காற்று வருவது ஏன்?

ஓட்டுநர் பக்கம் ஜில்லென்று இருக்க, பக்கத்து இருக்கைக்குச் சூடான காற்று வருகிறது. டேஷ்போர்டுக்குள் 'டக் டக்' சத்தமும் கேட்கிறது. அப்படியானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, காற்றுத் தடுப்பைத் திருப்பும் குட்டி மோட்டாரை.

குளியலறைக் குழாயில் வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலக்கும் கைப்பிடி மாதிரி, அந்தத் தடுப்பு சூடான காற்றையும் குளிர்காற்றையும் கலக்கிறது. சிங்கப்பூரில் ஹீட்டர் எதற்கு என்று தோன்றும். ஆனால் பல கார்களில் எஞ்சினின் சுடுநீர் அதற்குள் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். தடுப்பு பாதியில் நின்றால் அந்தச் சூடு உள்ளே வரும். மோட்டாருக்குள் இருப்பவை பிளாஸ்டிக் பற்சக்கரங்கள். ஒரு பல் உடைந்தாலே வழுக்கி வழுக்கிச் சத்தம் போடும்.

எஞ்சினை ஓடவிட்டு, வெப்பநிலையை அடிமட்டத்திலிருந்து உச்சத்துக்கு மாற்றிக் காது கொடுங்கள். மோட்டார் ஓடும் சத்தம் சில விநாடிகளில் தானாக அடங்க வேண்டும். பிறகு எஞ்சினை அணைத்து, மோட்டாரைக் கழற்றித் தடுப்பின் தண்டைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். தடையில்லாமல் எளிதாகத் திரும்பினால் கோளாறு மோட்டாரிலோ அதன் வயரிலோ, இறுகியிருந்தால் தடுப்பில். இதைப் பார்க்காமல் புது மோட்டார் வாங்காதீர்கள், சிக்கிய தடுப்பு அதையும் உடைத்துவிடும்.

'ஏர்கானுக்குக் குளிரூட்டும் கேஸ் அடைத்தால் சரியாகிவிடும்' என்பார்கள். கேஸ் குறைந்தாலும் சில கார்களில் ஒரு பக்கம் குளிராது, உண்மைதான். ஆனால் அதற்கு டேஷ்போர்டில் 'டக் டக்' வராது.