மூலையில் விரியும் இடைவெளி: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

ஈசூன் வாசகர்: எங்கள் நாலறை வீட்டில் எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்ப் பலகை) ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டை) போட்டு ஒரு வருடம்தான் ஆகிறது. அடிப்பக்கம் உப்பி, சாயம் உரிகிறது. மறுபடி பூசினால் போதுமா?

போதாது. ஒருமுறை உப்பிய எம்.டி.எஃப். காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. தேய்த்துப் பூசினால் அதே இடம் மறுபடி எழும். தினமும் மாப் போடும் ஈரம் அடிவிளிம்பு வழியாக ஏறுகிறது. முகப்பை மட்டும் பூசி, அடியையும் முதுகையும் வெறுமனே விட்டிருப்பார்கள். கெட்ட துண்டை வெட்டி எடுத்துவிடுங்கள். குளியலறை வாசலிலும் சலவை இயந்திரத்தின் பக்கத்திலும் பிவிசி (பிளாஸ்டிக்) போடுவதே நல்லது. மற்ற இடங்களில் எம்.டி.எஃப். என்றால், ஒட்டுமுன்பே எல்லாப் பக்கமும் பிரைமர் (அடிப்பூச்சு) அடியுங்கள். வெட்டிய விளிம்புக்கு எண்ணெய்ப் பிரைமர் இரண்டு பூச்சு, இடையில் 240 எண் உப்புத்தாள். நீர்ப் பிரைமர் அந்த விளிம்பில் நார்களை எழுப்பிவிடும்.

லேமினேட் தரையாக இருந்தால் ஓரத்தில் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டிருப்பார்கள். ஸ்கர்ட்டிங் பலகையைச் சுவரில் மட்டும் ஒட்டுங்கள். தரையோடும் சேர்த்து ஒட்டினால், தரை விரியும்போது நடுவில் தூக்கிக்கொள்ளும்.

செங்காங் வாசகர்: அறை 4க்கு 3 மீட்டர். ஸ்கர்ட்டிங்குக்கும் கார்னிஸுக்கும் (சுவரும் கூரையும் சேரும் ஓரப் பட்டை) 2.4 மீட்டர் கட்டை எத்தனை வாங்குவது? 45 பாகையில்தான் வெட்டுகிறேன், உள்மூலை ஏன் வாய் பிளக்கிறது?

சுற்றளவு 14 மீட்டர். கதவுக்கு 0.9 கழித்தால் ஸ்கர்ட்டிங்குக்கு 13.1. ஆறு கட்டை 14.4 வரும், தாளில் சரி, ஒரே ஒரு வெட்டு தவறினாலும் மறுபடி கடைக்கு ஓட வேண்டும். ஏழு வாங்குங்கள். கார்னிஸுக்குக் கதவைக் கழிக்க வேண்டாம், அதற்கும் ஏழு.

வாய் பிளப்பதற்குக் காரணம் உங்கள் ரம்பம் அல்ல, சுவர். பூச்சுச் சுவர் மூலை அச்சாக 90 பாகை இருப்பது அபூர்வம். உள்மூலையில் முதல் ஸ்கர்ட்டிங் கட்டையை நேராக வெட்டிச் சுவரில் முட்டவையுங்கள். இரண்டாவதை 45 பாகையில் வெட்டினால் முகப்பில் அதன் வடிவக்கோடு தெரியும். அந்தக் கோட்டின் மேலேயே, பின்பக்கம் சற்றுக் கூடுதலாகக் குடைந்து, மெல்லிய வளைவு ரம்பத்தால் அறுங்கள். அது முதல் கட்டையின் முகத்தில் கவ்விப் படியும். மூலை 92 பாகை என்றாலும் இடைவெளி தெரியாது. வெளிமூலைக்கு இது உதவாது. அங்கே கோணத்தை அளந்து பாதியாக்குங்கள்: 91 என்றால் 45.5.

கார்னிஸை மைட்டர் பெட்டியில் (ரம்பத்தைச் சரியான கோணத்தில் பிடிக்கும் பள்ளமுள்ள பெட்டி) தலைகீழாக வையுங்கள், கூரையைத் தொடும் விளிம்பு பெட்டியின் அடியில் படும்படி. இதை மறந்து வீணாகும் கட்டைகளே அதிகம்.

பிடோக் வாசகர்: கார்னிஸுக்கும் சுவருக்கும் நடுவே அடைத்த இடத்தில் மட்டும் சாயம் ஒட்டாமல் திரள்கிறது.

அடைத்தது சிலிகானாகத்தான் இருக்கும். அதன்மேல் சாயம் நிற்காது, எத்தனை பூச்சு போட்டாலும். பிளேடால் சுரண்டி, மிச்சப் படலத்தைச் சிலிகான் நீக்கியால் துடைத்துவிட்டு, சாயம் ஏற்கும் அக்ரிலிக் பசை வாங்குங்கள். குழாய் முனையை 3 மி.மீ. அளவுக்கு வெட்டி, ஒரே இழுப்பில் விட்டு, ஈர விரலால் நீவுங்கள். 5 மி.மீ.க்கு மேல் அகலமான இடைவெளியைப் பட்டியால் (சுவர்க் குழிகளை அடைக்கும் கூழ்) நிரப்பிய பிறகே பசை. ஒரு ராத்திரியில் பசை சுருங்கி உள்வாங்கும்; காலையில் மெல்லிய இரண்டாவது இழுப்பு, காய்ந்த பின் சாயம். அவசரப்பட்டால் கோடு கோடாக வெடிக்கும்.

கார்னிஸ் பாலிஸ்டைரீன் நுரை என்றால் பசை, சாயம் இரண்டும் நீர் அடிப்படையில் இருக்கட்டும். கரைப்பான் கலந்தது பட்டால் நுரை குழிந்துவிடும்.

கூரை, கார்னிஸ், சுவர், கடைசியில் ஸ்கர்ட்டிங் என்ற வரிசையில் பூசுங்கள். மாஸ்கிங் டேப்பைச் சாயம் ஈரமாக இருக்கும்போதே சாய்வாக இழுத்து எடுங்கள். காய்ந்துவிட்டதா, முதலில் பிளேடால் ஓரத்தைக் கீறிவிட்டு எடுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம் கிடைக்கிறது. துளையிடலாமா?

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் ஞாயிறும் பொது விடுமுறையும் புதுப்பிப்பு வேலைக்கு ஆகாது. துளையிடுவதையும் அறுப்பதையும் வார நாளில் முடித்துக்கொள்ளுங்கள்.