மதுரையில் ஒன்றரை நாள்: எந்த நேரத்தில், எங்கே, எதைச் சாப்பிடலாம்?

கேள்வி: நான்கு பேர் குடும்பமாக மதுரைக்கு வருகிறோம். ஒரு முழு நாளும் மறுநாள் மதியம் வரையும் தங்குகிறோம். அம்மா சைவம், மற்ற மூவரும் அசைவம் சாப்பிடுவோம். நட்சத்திர ஓட்டல் வேண்டாம், ஊர்க்காரர்கள் போகிற கடைகள் போதும். எங்கே, என்ன சாப்பிடலாம்?

பதில்:

கடைப் பெயர்களை எழுதிக்கொள்வதற்கு முன் மணியை எழுதிக்கொள்ளுங்கள். மதுரைக் கடைகளில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை உண்டு. மெஸ்ஸில் கறியும் மீனும் மதியத்துக்கு என்று ஒரே தடவைதான் சமைப்பார்கள். பரோட்டாக் கல் சாயங்காலம்தான் சூடேறும். வெள்ளையப்பம் பிற்பகலுக்கு மேல்தான். பெயர்பெற்ற கடைக்கே போய்விட்டு ‘சுமார்தான்’ என்று திரும்புகிறவர்களில் பலர் வேளை தவறிப் போனவர்கள்.

காலையில் இட்லி. ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் போங்கள். மாசி வீதிகளைச் சுற்றி எந்தக் கடையில் கூட்டம் நிற்கிறதோ அங்கே உட்காரலாம். கூட்டம் இருந்தால் ஈடு (ஒரு தடவைக்கு அவிக்கிற இட்லிகள்) அடுத்தடுத்து இறங்கும், ஆறிப்போன இட்லி உங்கள் இலைக்கு வராது. மதுரை இட்லியின் பெருமையே துணி போட்டு அவித்த அந்த மென்மைதான். கால் மணி நேரம் ஆறினால் மேல்தோல் காய்ந்து, அந்தச் சுகம் போய்விடும். ‘அடுத்த ஈடு வரட்டும்ணே, சூடா குடுங்க’ என்று சொல்லிக் காத்திருக்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மூன்று நான்கு சட்னி வரும். எல்லாவற்றையும் சாம்பாரோடு குழைத்துவிடாதீர்கள். ஓர் இட்லியைப் பொடிக்கும் நல்லெண்ணெய்க்கும் ஒதுக்கி வையுங்கள். தலைக்கு மூன்று இட்லியும் ஆளுக்குப் பாதி வடையும் போதும். காலையிலேயே நெய்ப் பொங்கலும் பூரியும் சேர்த்து வாங்கினால் மதியம் மெஸ்ஸில் உட்கார்ந்து வருத்தப்படுவீர்கள்.

மீனாட்சியம்மன் கோயில் மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தி, மறுபடி நாலு மணிக்குத்தான் திறக்கும். ஆகவே காலையிலேயே தரிசனத்தை முடித்துக்கொண்டு பன்னிரண்டரைக்கு மெஸ்ஸில் இருப்பது சரியான கணக்கு. நல்ல மெஸ்கள் பல வைகைக்கு அந்தப் பக்கம் தல்லாகுளத்தில் இருக்கின்றன. அழகர்கோவில் ரோட்டில் அம்மா மெஸ், அதே வட்டாரத்தில் குமார் மெஸ், சந்திரன் மெஸ். கோயில் பக்கமிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான். ஆனால் வைகை மேலுள்ள ஏ.வி. பாலம், அதைத் தாண்டி கோரிப்பாளையம் நெரிசலுக்கு அரை மணி சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கு மேல் போனால் நல்ல உருப்படிகள் ஒவ்வொன்றாகத் தீர ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் சீக்கிரம்.

மெஸ்ஸில் பில் எகிறுவது எப்படி என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. சாப்பாட்டுக்கு ஒரு விலை. அதில் சோறு, கூட்டு, பொரியல், கறிக்குழம்பு, மீன் குழம்பு, ரசம், மோர் எல்லாம் அடக்கம். குழம்பை எத்தனை தடவை கேட்டாலும் ஊற்றுவார்கள், ஆனால் துண்டு வராது. பிறகு ஒருவர் பெரிய தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு வந்து காட்டுவார்: சுக்கா, ஈரல், குடல், மூளை, சுவரொட்டி (மண்ணீரல்), கோலா உருண்டை (கொத்துக்கறி உருண்டை), மீன் வறுவல், நண்டு ஆம்லெட். ஒவ்வொன்றும் தனிக் காசு. பசியோடு இருக்கும்போது எல்லாமே கண்ணைப் பறிக்கும், கை தானாக நீளும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு எல்லாருக்கும் சேர்த்து ஒரு மட்டன் சுக்கா, ஒரு அயிரை மீன் குழம்பு, ஆளுக்கொரு கோலா உருண்டை போதும். வேண்டுமானால் ஒரு மீன் வறுவல். மீனுக்கு அளவைப் பொறுத்து விலை மாறும். எடுப்பதற்கு முன்பே ‘இது எவ்வளவுண்ணே?’ என்று கேட்டுவிடுங்கள்.

சுக்காவைப் பார்த்தே எடைபோடலாம். கறுப்போடிய பழுப்பு நிறத்தில், சின்ன வெங்காயம் கறியோடு ஒட்டி, ஓரத்தில் எண்ணெய் லேசாகப் பிரிந்து நின்றால் நிதானமாகச் சுருட்டியது. சிவப்பாக, தண்ணீர் கசிந்து நின்றால் வேகவைத்த கறியில் அவசரமாக மசாலாவைப் புரட்டியிருக்கிறார்கள். அதற்கு வெறும் குழம்பே மேல்.

அயிரை சின்ன நன்னீர் மீன், முள்ளோடு முழுசாகத்தான் தின்ன வேண்டும். சமைப்பதற்கு முன் உயிரோடு பாலிலோ மோரிலோ விட்டு வயிற்றிலுள்ள மண்ணைக் கக்க வைப்பார்கள். அந்த வேலையில் சோம்பல்பட்டால் பல்லில் நறநறக்கும். வேலை அதிகம், மீனும் எப்போதும் கிடைப்பதில்லை. கிண்ணம் சிறிதாகவும் விலை பெரிதாகவும் இருப்பதற்குக் காரணம் அதுதான். மதுரைக்கு வந்து ஒரு தடவையாவது சாப்பிட வேண்டியது இதைத்தான் என்பேன்.

முதல் சோற்றுக்குக் கறிக்குழம்பு, அடுத்து மீன் குழம்பு. மாற்றிவிட்டால் மீன் குழம்பின் புளிப்பு நாக்கில் ஏறி, கறிக்குழம்பு சப்பென்று இருக்கும். ரசத்துக்குக் கொஞ்சம் வயிறு வையுங்கள்.

அம்மாவை மெஸ்ஸுக்கு அழைத்துப் போக வேண்டாம். சைவச் சாப்பாடு தருகிறோம் என்றாலும் கரண்டியும் வாடையும் ஒன்றுதான், அவர்கள் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி வட்டாரத்தில் சைவ ஓட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவில்தான். உங்களில் ஒருவர் அவரோடு அங்கே சாப்பிடட்டும், மறுநாள் மதியம் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். அவருக்கான விருந்து பிற்பகலில் இருக்கிறது. மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பம். மூன்றரை நாலு மணிக்குப் போனால் எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில் கிடைக்கும், கூடவே காரச் சட்னி. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. பத்து நிமிடம் தள்ளினால் தொய்ந்துவிடும், ஆகவே பார்சல் வாங்க வேண்டாம், அங்கேயே சாப்பிடுங்கள். முடித்தால் கோயில் நடை திறந்திருக்கும்.

வெயில் தாழும்போது ஜிகர்தண்டா. விளக்குத்தூண், கீழவாசல் பக்கம் போனால் 1977 முதல் இருக்கிற ஃபேமஸ் ஜிகர்தண்டா கடை தெரியும். அதே பெயரை ஒட்டி ஊர் முழுக்கப் பலகைகள் தொங்குகின்றன, பலகையை நம்பாமல் தம்ளரைப் பாருங்கள். சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே பாலில் செய்த ஐஸ்கிரீம். சிலர் கடல்பாசிக்குப் பதில் பாதாம் பிசின் போடுவார்கள். பால் நன்றாகச் சுண்டியிருந்தால் இளம் பழுப்பாக இருக்கும். வெள்ளை வெளேரென்று இருந்தால் சுண்டவில்லை, ரோஸ் நிறமாக இருந்தால் எசன்ஸ். ஐஸ்கட்டியை அள்ளிப் போட்டால் கடைசி நாலு மடக்கு வெறும் தண்ணீர்தான். முதலில் மேலாக ஒரு கரண்டி, பிறகு அடிவரை கலக்கிக் குடியுங்கள். இதே வட்டாரத்தில்தான் நாகப்பட்டினம் நெய் மிட்டாய்க் கடையும். இனிப்பை மறுநாளைக்கு வைத்துக்கொள்வது நல்லது, ஜிகர்தண்டாவுக்குப் பின் அல்வா எடுபடாது.

ராத்திரிக்குச் சிம்மக்கல் கோனார் மெஸ்ஸில் கறி தோசை. பெயர் தோசைதான், ஆனால் மெல்லியதல்ல. ஊத்தப்பம்போல கனமாக மாவு, அதன் மேல் முட்டை, அதன் மேல் வெந்த கொத்துக்கறி, பிறகு திருப்பிப் போட்டு அமுக்குவார்கள். இரண்டு பேருக்கு ஒன்று சரி. ஆளுக்கொன்று சொல்கிறவர்கள் பாதியில் வைத்துவிடுகிறார்கள், அது பாவம். கல்லில் நேரம் பிடிக்கும் என்பதால் உட்கார்ந்ததும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். வெட்டித் தரச் சொல்லுங்கள், சால்னாவைத் தோசை மேல் ஊற்றாமல் ஓரமாக வாங்கித் தொட்டுக்கொள்ளுங்கள். ஊற்றினால் அடிப்பக்கம் ஊறி, அந்த முறுகல் வீணாகும்.

பன் பரோட்டா கிடைத்தால் விடாதீர்கள். சுருட்டிய மாவை அகலமாகத் தட்டாமல் குண்டாகவே கல்லில் போட்டு, எண்ணெயைத் தாராளமாக விட்டு வேகவைப்பது. அவசரக் கடையில் மேலே பொன்னிறமாகி நடுவில் மாவு வேகாமல் இருக்கும். பிய்த்துப் பாருங்கள், நடுவில் பிசுபிசுத்தால் திருப்பிக் கொடுத்து இன்னும் வேகவிடச் சொல்லலாம். பத்து மணிக்கு மேல் பரோட்டாக் கடைக்குப் போனால் கொத்துப் பரோட்டாதான் சொல்ல வேண்டும். முன்பே போட்டு வைத்த பரோட்டாவும் முட்டையோடும் சால்னாவோடும் கொத்துப்படும்போது உயிர்பெற்றுவிடும், தனியாகத் தின்றால் ரப்பர். பக்கத்தில் ஒரு கலக்கி, அதாவது அரைவேக்காட்டு முட்டை.

மறுநாள் காலை இட்லியையே திரும்பவும் தேடாமல், தள்ளுவண்டியில் பருத்திப்பால் கிடைக்கிறதா பாருங்கள். பருத்தி விதையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் அரிசி மாவும் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கும் ஏலமும் போட்டுக் கொதிக்கவிட்டது. பெயரில் மட்டும்தான் பால். ஒரு தம்ளர் குடித்தால் பதினொரு மணி வரை பசி தெரியாது. கெட்டியாக, நல்ல சூடாக இருக்க வேண்டும். அம்மாவும் குடிக்கலாம்.

ஊருக்குக் கொண்டுபோக, ரயில் நிலையத்துப் பக்கம் பிரேமா விலாஸ் அல்வா. சுடச்சுட இலையில் கொஞ்சம் வாங்கி அங்கேயே தின்றுவிட்டு, பார்சலைத் தனியாக வாங்குங்கள். சூட்டோடு மூடிய டப்பாவில் வியர்க்கும், பையில் அடைப்பதற்கு முன் சற்று மூடியைத் திறந்து ஆறவிடுங்கள். சால்னா பார்சல் வேண்டுமென்றால் ஒரு தூக்குவாளி எடுத்து வாருங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. அப்படியும் சில கடைகளில் கொதிக்கிற சால்னாவை மெல்லிய கவரில் கட்டித் தருகிறார்கள். அது கை பட்டால் ஒழுகும், உடம்புக்கும் ஆகாது.

பில்லில் ஒரு விஷயம். இந்த மாதிரிக் கடைகளில் ஜிஎஸ்டி 5 சதவீதம். காம்போசிஷன் முறையில் (சின்ன வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்) பதிந்த சின்னக் கடைகள் அந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கவே கூடாது. ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரு தொகை போட்டிருந்தால் நீக்கச் சொல்லலாம், அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. பரிமாறினவருக்குக் கொடுக்க நினைப்பதைக் கையில் கொடுங்கள். மதிய நேரத்து மெஸ்ஸில் ஓடி ஓடிக் குழம்பு ஊற்றுகிறவருக்கு அது நேராகப் போய்ச் சேரட்டும்.