கொன்சோ மக்களின் மரச்சிலை வரிசையில் யார் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி?

தெற்கு எத்தியோப்பியாவின் கொன்சோ பகுதியில் இவற்றை 'வாகா' என்பார்கள். தனிச்சிலையாகப் பார்த்தால் பொருள் புரியாது. ஒரு வரிசை முழுவதும் இறந்துபோன ஒரே வீரரின் வாழ்க்கைக் கணக்கு.

முதலில் நெற்றியைப் பாருங்கள். ஆண்குறி வடிவில் ஒரு அணி துருத்திக்கொண்டிருந்தால் அவர்தான் இறந்த வீரர். பெரும்பாலும் நடுவில், மற்றவர்களைவிட உயரமாக நிற்பார். பக்கத்தில் கழுத்தணியும் மார்பகமும் செதுக்கப்பட்டவர்கள் மனைவியர். எத்தனை சிலையோ அத்தனை மனைவி. அவர்களை அடுத்து, அணி எதுவும் இல்லாமல் சிறியதாக நிற்பவர்கள் அவர் கொன்ற எதிரிகள். சிங்கமோ சிறுத்தையோ கொன்றிருந்தால் அதுவும் காலடியில் இருக்கும். கண்ணுக்கும் பல்லுக்கும் எலும்போ முட்டையோட்டுத் துண்டோ பதிப்பதுண்டு. அதனால்தான் அந்த முறைத்த பார்வை.

நம் ஊர் நடுகல் நினைவுக்கு வரலாம். ஆனால் இது மரம். வெயில், மழை, கரையான் மூன்றும் அடிப்பகுதியைத் தின்றுவிடும். சாய்ந்த சிலைகளே அதிகம் தென்படும். அதைவிடப் பெரிய சேதம் திருட்டு. கலைப்பொருள் சந்தைக்காக ஒன்றைப் பிடுங்கினால் வரிசையே பொருளிழக்கும்: மனைவி போனால் கணக்குத் தப்பு, வீரர் போனால் மற்றவர்கள் யாருடையவர்கள் என்றே தெரியாது. மீட்கப்பட்ட சிலைகள் பலவற்றை காராட் நகர அருங்காட்சியகத்தில் பார்க்கலாம், ஆனால் உதிரிகளாக.

கொன்சோ நிலப்பரப்பு 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே நட்டு நிறுத்திய கற்களையும் காண்பீர்கள். அவை தலைமுறை மாற்றத்தைக் குறிப்பவை, வாகாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.