டப்பா திறந்து இரண்டு வாரத்தில் டென்னிஸ் பந்து செத்துப்போகிறது என்றால்

இரண்டே நாள் ஆடினேன், பதினைந்து நாளில் டென்னிஸ் பந்து எழும்பவே இல்லை, போலிச் சரக்கா என்று கேட்டிருந்தீர்கள். டப்பாவைத் திறந்தபோது 'புஸ்' என்று சத்தம் வந்ததல்லவா? அப்படியென்றால் பெரும்பாலும் நல்ல பந்துதான்.

பந்துக்குள்ளே இருப்பது இரண்டு ரப்பர் கிண்ணங்களை ஒட்டிய கூடு. அதற்குள் வெளிக்காற்றைவிட அதிக அழுத்தம். ரப்பரில் ஓட்டையே இல்லாவிட்டாலும் அந்தக் காற்று மெல்லக் கசியும். டப்பாவுக்குள்ளும் அதே அளவு அழுத்தம் இருப்பதால்தான் மூடியைத் திறக்கும்வரை கசிவதில்லை. திறந்த நாளிலிருந்தே கணக்கு ஓடும், நீங்கள் ஆடினாலும் ஆடாவிட்டாலும். (முன்பு பாதிக் கிண்ணத்துக்குள் ரசாயன வில்லை போட்டு, சூடாக்கும்போது அதிலிருந்தே நைட்ரஜன் வரவைத்தார்கள். கில்லாடி யோசனை!)

சந்தேகமிருந்தால் 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் போட்டுப் பாருங்கள். புதுப் பந்து சுமார் 135 முதல் 147 செ.மீ. எழும்ப வேண்டும்.

ஃப்ரிட்ஜில் வைப்பதால் போன அழுத்தம் திரும்பாது. எப்போதாவதுதான் ஆடுவீர்கள் என்றால் அழுத்தமில்லாத வகையை வாங்குங்கள். தடித்த ரப்பர் சுவரே அதைத் துள்ள வைக்கும். அடிக்கும்போது கொஞ்சம் கட்டையாக இருக்கும், முழங்கை வலி உள்ளவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.