‘காசாபிளாங்கா’வுக்கு முன் இங்கிரிட் பெர்க்மன் நடித்த ஹாலிவுட் காதல் படங்களெல்லாம் வெறும் அழுகாச்சிதானா?

‘காசாபிளாங்கா’ பிடித்துப்போய், முன்னால் என்ன நடித்தார் என்று தேடி, 1939-இல் வந்த ‘இன்டர்மெஸ்ஸோ’வைப் பாதியில் நிறுத்தியிருப்பீர்கள். சரிதானே?

கதையைச் சொன்னால் அழுகாச்சிதான், மறுக்கவில்லை. குடும்பஸ்தரான பெரிய வயலின் வித்வான். அவர் மகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்க வரும் அனிதா. காதல், இருவரும் சேர்ந்து ஊர் ஊராகக் கச்சேரி, கடைசியில் அவளாகவே விலகிப் போகிறாள். அவர் வீடு திரும்புகிற நேரம் பார்த்து மகள் மேல் கார் மோதுகிறது. நம் சீரியல்காரர்கள்கூட அந்தக் காருக்குக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

ஆனால் நான் பக்கவாத்தியக்காரி, பாட்டுக் கச்சேரிகளுக்கு வயலின் வாசிப்பவள். என் கண் வேறு இடத்துக்குப் போகும். லெஸ்லி ஹோவர்ட் வயலினோடு நிற்கிறார் (ஒலிப்பதிவில் வாசித்தவர் டோஷா சைடல்; ஹோவர்டின் வில் பிடிப்பைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை). பியானோவில் பெர்க்மன். கை கட்டையில் இருக்க, கண் மட்டும் அவரிடம் போய்ப் போய் வருகிறது. அதைக் காதல் பார்வை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்து எங்கே இழுப்பார், எங்கே விடுவார் என்று பார்க்கிற பார்வையும் அதில் இருக்கிறது. அப்போது பெர்க்மனுக்கு 23 வயது. ஸ்வீடனில் 1936-லேயே இதே வேடத்தைச் செய்துவிட்டு வந்தவர்.

எனக்குக் கல்யாணமான புதிதில் ஒரு கோயில் கச்சேரி. பாடகர் நிரவலை (பாட்டின் ஒரே வரியை விதவிதமாகப் பாடிக்கொண்டு போவது) எங்கே முடிப்பார், எப்போது ஸரிகம ஸ்வரத்துக்குத் தாவுவார் என்று கடைசி நிமிஷம்வரை தெரியாது. முடிந்து வீட்டுக்கு வந்தால் புகுந்த வீட்டுப் பெரியவர் ஒருவர், “ஏம்மா, கச்சேரி முழுக்க அந்தப் பையன் மூஞ்சியையேதான் பார்த்துக்கிட்டு இருப்பியா?” என்றார். பார்க்காமல் எப்படி ஐயா வாசிப்பது! அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு காபி போட்டுக் கொடுத்தேன்.

‘ஹாலிவுட்டுக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் முடிச்சுப் போடாதீங்க மேடம்’ என்று கமெண்ட் போட வருபவர்களே, அடுத்த படங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். 1941-இல் வந்தவை மூன்று. ‘ஆடம் ஹேட் ஃபோர் சன்ஸ்’ஸில் நாலு பையன்களைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை. ‘ரேஜ் இன் ஹெவன்’னில் கதாநாயகனின் அம்மாவுக்குச் செயலாளர். ‘டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்’டில் கொடுத்தது பணக்கார வீட்டுப் பெண் வேடம், வேண்டாம் என்று மதுக்கடைப் பெண் வேடத்தைக் கேட்டு வாங்கினார், பணக்காரப் பெண்ணாக லானா டர்னர் நடித்தார். எல்லாம் அடுத்தவர் இடத்தில் சம்பளத்துக்கு நிற்கிற பெண்கள். இந்த மூன்றில் முதல் இரண்டும் சுமார் படங்கள்தான். ஆனாலும் அந்த வீடுகளில் எப்போது பேசலாம், எப்போது பேசக்கூடாது என்ற கணக்கு அவர் முகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். தயாரிப்பாளர் செல்ஸ்னிக் புருவத்தைத் திருத்து, பெயரை மாற்று என்றபோது முடியாது என்றவர்தான் திரையில் இப்படி அடங்கி நிற்கிறார். அது நடிப்பில்லாமல் என்ன?

‘இன்டர்மெஸ்ஸோ’வையே முதலில் முடியுங்கள், எழுபது நிமிஷம்தான். கலர் ஏற்றிய பிரதி கிடைத்தால் தொடாதீர்கள்.

அனிதாவுக்காவது வித்வானோடு சேர்ந்து கைதட்டல் கிடைத்தது. எங்கள் சபா அழைப்பிதழில் பாடகி படம் அரைப் பக்கம், வயலினும் மிருதங்கமும் எறும்பு சைஸில். இந்தத் தடவை என் இனிஷியலும் தப்பு. சன்மானம் கேட்டால், “செயலாளர் ஊரில் இல்லை” என்கிறார்கள். டிசம்பரிலிருந்தே அவர் ஊரில் இல்லை.